அச்சமூட்டி ஆளலாமா?

எல்லாப் புகழும் அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் கடைகளில் தராசு இருக்கிறது. முன்பு படிக்கல்லுக்கு முத்திரை போட்டார்கள். இப்போது மின்தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறார்கள். எதற்காக? வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே எடையை நம்ப வேண்டும் என்பதற்காக. முத்திரையில்லாத கல்லை வைத்து நிறுப்பவனை ஊர் மோசக்காரன் என்கிறது. மார்க்கமும் அப்படியே சொல்கிறது. அளவையில் மோசம் செய்தவர்களுக்கென்றே திருக்குர்ஆனில் ஒரு சூரா உண்டு.

ஆனால் முத்திரையே இல்லாத ஒரு படிக்கல் உலகத்தில் வெகு காலமாகப் புழங்கி வருகிறது. அரசர்கள் அதை வைத்து ஜனங்களை நிறுத்தார்கள். பட்டாளக்காரர்கள் நிறுத்தார்கள். கொள்ளைக்காரர்களும் நிறுத்தார்கள். வீட்டிலும் கடையிலும் நம்மில் சிலர் இன்றும் அதை வைத்துத்தான் நிறுக்கிறோம். அந்தக் கல்லின் பெயர் அச்சம். ஒரு மனிதனை அஞ்ச வைத்து, அந்த அச்சத்தைப் பிடித்துக்கொண்டு அவனை ஆளுவது மார்க்கத்துக்கு ஏற்றதா என்பதைத்தான் இந்த இதழில் சிந்திக்கப் போகிறோம்.

பிர்அவுனுடைய அரசாட்சி

அச்சத்தைக் கொண்டு ஆண்டவர்களில் தலையாயவன் பிர்அவுன். ஸூரா கஸஸின் தொடக்கத்திலேயே அல்லாஹு தஆலா அவனுடைய ஆட்சி முறையை நமக்கு எடுத்துக் காட்டுகிறான். பூமியில் அவன் தலைதூக்கித் திரிந்தான். ஜனங்களைப் பல பிரிவாகப் பிரித்தான். அதில் ஒரு கூட்டத்தாரைப் பலமற்றவர்களாக ஆக்கினான். அவர்களுடைய ஆண் குழந்தைகளை அறுத்துப் பெண்களை உயிரோடு விட்டான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கொலை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் பிரிப்பது வருகிறது. ஒன்றாக இருக்கிற ஜனங்களை அஞ்ச வைப்பது கஷ்டம். உன் பக்கத்து வீட்டுக்காரன் வேறு, நீ வேறு என்று ஆக்கிவிட்டால் வேலை சுலபம். ஒரு வீட்டில் பிள்ளையைப் பிடிக்கும்போது அடுத்த வீட்டுக்காரன் கதவைச் சாத்திக்கொள்வான். நம் வீடு தப்பியது என்று நினைப்பான். அந்தச் சாத்திய கதவுதான் பிர்அவுனுக்குப் பலம்.

மற்றொரு சம்பவம் ஸூரா தாஹாவிலும் வேறு இடங்களிலும் வருகிறது. மூஸா (அலை) அவர்களுக்கு எதிராகப் பிர்அவுன் சூனியக்காரர்களைக் கூட்டி வந்தான். ஜெயித்தால் கூலியுண்டு, என் பக்கத்திலேயே இடமுண்டு என்று ஆசை காட்டினான். அவர்களோ உண்மையைக் கண்டவுடன் ஸஜ்தாவில் விழுந்து ஈமான் கொண்டார்கள். உடனே அவன் பேச்சு மாறியது. மாறு கால் மாறு கை வாங்குவேன், பேரீச்ச மரத்தில் அறைவேன் என்றான். காலையில் கூலி பேசிய வாய் மாலையில் தண்டனை பேசியது. அதற்கு அந்த ஈமான்தாரிகள் கொடுத்த பதிலின் கருத்து இதுதான்: உன்னால் ஆவது எல்லாம் இந்த உலக வாழ்க்கை மட்டும், நீ செய்ய நினைப்பதைச் செய்துகொள்.

அந்த நிமிஷத்தில் பிர்அவுனுடைய ஆட்சி அவர்கள் விஷயத்தில் முடிந்துவிட்டது. அவர்களைக் கொல்ல அவனால் முடிந்தது. ஆள முடியவில்லை. அச்சம் வாங்குகிறவன் இருக்கும் வரைக்கும்தான் சரக்கு. வாங்குகிறவன் இல்லையென்றால் அது வெறும் சத்தம்.

நம் கிந்தா மண்ணில் நடந்தவை

இது மிஸ்ரு தேசத்துப் பழங்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாம் வியாபாரம் செய்கிற இதே கிந்தாப் பள்ளத்தாக்கில் நம் பாட்டன்மார்கள் இதைக் கண்ணால் கண்டார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பேராக்குக்குள் புகுந்தார்கள். 1945 ஆகஸ்டு வரையில் அவர்கள் ஆட்சி நடந்தது. கெம்பெய்தாய் என்னும் அவர்களுடைய இராணுவப் போலீஸ் பெயரைச் சொன்னால் அழுத பிள்ளை வாய் மூடும் என்பார்கள் பெரியவர்கள். காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனியாதவனுக்குக் கன்னத்தில் அறை. சந்தேகப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டு அடையாளம் காட்டச் செய்வார்கள். அவன் தலையசைத்தால் போதும், ஒரு குடும்பம் அழிந்தது. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் தமிழ் ஜனங்களைச் சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் ஆயிரமாயிரம் பேர் மாண்டார்கள். லாரி சத்தம் கேட்டால் ஆண்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடி ஒளிந்த காலம் அது.

அந்தக் காலத்தில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் பாப்பன் என்னும் சிற்றூரில், மெயின் ஸ்திரீட் 74-ம் எண் வீட்டில் ஒரு தாதியம்மாள் இருந்தார். அவர் பெயர் ஸிபில் கார்த்திகேசு. சட்டைக்காரக் குடும்பத்தில் 1899-ல் பிறந்தவர். கணவர் ஒரு தமிழ் வைத்தியர். இருவரும் ஈப்போவில் வைத்தியசாலை நடத்தியவர்கள். மதத்தால் அவர்கள் கிறிஸ்தவர்கள். அந்த அம்மாள் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். காட்டிலிருந்து காயத்தோடு வந்த எதிர்ப்புப் படையினருக்கும் இரகசியமாக மருந்து கட்டினார். தடை செய்யப்பட்ட ரேடியோவை ஒளித்து வைத்து வெளியுலகச் செய்தியைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார்.

1943-ல் அவரைப் பிடித்தார்கள். செய்யக்கூடாத சித்திரவதையெல்லாம் செய்தார்கள். அப்படியும் பேர்கள் வெளிவரவில்லை. கடைசியில் யோஷிமுரா என்னும் கெம்பெய்தாய் சார்ஜெண்டு, அவருடைய சின்ன மகளைக் கொண்டு வந்து மரத்தில் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டுவதாக மிரட்டினான். தாய் வாய் திறக்கவில்லை. அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் பாப்பனில் எத்தனை தலை உருண்டிருக்கும்! ஜப்பானிய இராணுவ அதிகாரி ஒருவரே குறுக்கிட்டதால் குழந்தை பிழைத்தது. அந்த அம்மாளுக்கு ஆயுள் தண்டனை விதித்து நம் பத்து காஜா ஜெயிலில் அடைத்தார்கள். போர் முடிந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. 1948 ஜூன் 12-ல் சீமையில் காலமானார். மறு ஆண்டு அவர் உடலை ஈப்போவுக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். ஈப்போவில் இன்றும் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு.

நாம் இந்த வரலாற்றைப் படிக்கும்போது அவர் மார்க்கம் எது என்று கேட்டு நிற்க வேண்டியதில்லை. அக்கிரமக்காரன் முன்னால் சத்தியத்தைச் சொல்வது மேலான ஜிஹாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அக்கிரமக்காரன் முன்னால் பிறர் உயிருக்காக வாயை மூடிக்கொள்வதும் அதன் பக்கத்தில் வைத்து எண்ணத் தக்க தைரியமல்லவா?

இரண்டு பக்கத்து நெருக்கடி

ஜப்பான் காலம் போனது. அச்சம் போகவில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரையில் பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. அந்தக் காலத்தில் மாண்டவர்களின் கல்லறைகளை நம் பத்து காஜா கிறிஸ்தவ மயானத்தில் இன்றும் காணலாம்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டும் சில்லறைக் கடைக்காரனுடைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரவில் காட்டுக்காரர்கள் வந்து அரிசி கேட்பார்கள், சந்தா கேட்பார்கள். கொடுக்காவிட்டால் துரோகி. பகலில் போலீஸ் வந்து கணக்குக் கேட்கும். கொடுத்திருந்தால் குற்றவாளி, விசாரணையில்லாமல் காவலில் வைக்கலாம். தகரத்தில் அடைத்த சாப்பாட்டுச் சாமானை விற்றால், கெட்டுப் போகும்படி ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று எழுதி வைக்க வேண்டும். 1950-க்குப் பின் ஐந்து இலட்சம் ஜனங்கள் அளவில் முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குக் குடியேற்றப்பட்டார்கள். நம் கிந்தாவில் அப்படிப்பட்ட கிராமங்கள் பல.

1952 மார்ச்சில் பேராக்கின் தெற்கு ஓரத்தில் தஞ்சோங் மாலிமில் நடந்ததை நம் போன்ற கடைக்காரர்கள் மறக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்கப் போனவர்களைக் காட்டில் மறைந்திருந்து தாக்கினார்கள். பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அது கொடுமை, அதில் சந்தேகமில்லை. ஹைகமிஷனர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்தார். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்கும் முன்பே ஊர் முழுவதற்கும் தண்டனை கொடுத்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு. கடை திறக்க இரண்டே மணி நேரம். அரிசி ரேஷனைக் குறைத்தார்கள். பிறகு வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதிப் பூட்டிய பெட்டியில் போடச் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் இப்படியே கழிந்தது.

ஊரடங்கு நீங்கியபின் என்ன மிஞ்சியிருக்கும்? அடுத்த கடைக்காரன் அந்தத் தாளில் என்ன எழுதினான் என்று இவனுக்குத் தெரியாது. இவன் என்ன எழுதினான் என்று அவனுக்குத் தெரியாது. சட்டம் நீங்கினாலும் சந்தேகம் நீங்க எத்தனை ஆண்டு பிடிக்கும்!

இந்த இரண்டு காலமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. கெம்பெய்தாயின் கொடுமை தனி. அவசரகாலத்தில் கொலைகாரர்களிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்ற வேண்டிய கடமையும் சர்க்காருக்கு இருந்தது. ஆனால் கருவி ஒன்றே. ஒருமுறை கைக்கு வந்த கருவியைக் கீழே வைக்க மனம் வருவதில்லை என்பதையும் பார்க்கிறோம். அவசரகாலம் முடிந்த அதே 1960-ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2012-ல்தான். தைப்பிங் பக்கத்துக் கமுந்திங் முகாமின் பெயரை அறியாதவர் நம்மில் யார்?

அச்சம் எப்படி வேலை செய்கிறது?

சகோதரர்களே! பிர்அவுனிலிருந்து இன்று வரை இந்தக் கருவி மூன்று வழியில்தான் வேலை செய்கிறது.

முதலாவது, எடை தெரியாமல் வைப்பது. சட்டம் என்றால், இது குற்றம், இதற்கு இன்ன தண்டனை என்று முன்கூட்டியே சொல்லும். அச்சமூட்டுகிறவன் சொல்ல மாட்டான். "என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும்" என்பான். மீதியைக் கேட்கிறவனுடைய மனமே நிரப்பிக்கொள்ளும். முத்திரையில்லாத படிக்கல் என்று சொன்னேனே, அது இதுதான்.

இரண்டாவது, தனித்தனியாகப் பிரிப்பது. இதைப் பிர்அவுன் விஷயத்திலும் பூட்டிய பெட்டி விஷயத்திலும் கண்டோம்.

மூன்றாவது, பிறர் வாயைக் கூலிக்கு அமர்த்துவது. உஹது யுத்தம் முடிந்தவுடன் நடந்ததைக் கேளுங்கள். ஹிஜ்ரி 3-ம் ஆண்டு. முஸ்லிம்கள் காயத்தோடு இருந்தார்கள். அபூஸுப்யான், அப்போது அவர் இஸ்லாத்துக்கு வரவில்லை, மதீனாவின் பக்கம் போகிற ஒரு வியாபாரக் கூட்டத்தைக் கண்டார். குறைஷிகள் பெரும்படை திரட்டி அடியோடு அழிக்க வருகிறார்கள் என்று முஹம்மதிடம் சொல்லுங்கள், உக்காஸ் சந்தையில் உங்கள் ஒட்டகங்களுக்கு உலர்ந்த திராட்சை ஏற்றித் தருகிறேன் என்றார். வியாபாரிகள் அப்படியே கொண்டு போய்ச் சொன்னார்கள். அதைக் கேட்ட ஸஹாபாப் பெருமக்களுக்கு அச்சம் வரவில்லை, ஈமான்தான் கூடியது. அல்லாஹ் எங்களுக்குப் போதும் என்றார்கள். ஸூரா ஆல இம்ரானில் இது வருகிறது. இப்படி அச்சமூட்டுவது ஷைத்தானுடைய வேலை என்றும் அல்லாஹ் அங்கே அறிவிக்கிறான்.

வியாபாரிகளே, கவனியுங்கள்! அந்த அச்சத்தைச் சுமந்து வந்தவர்கள் நம் இனத்தார், வியாபாரிகள். ஒரு சுமை திராட்சைக்காக! இன்றோ நம்மில் பலர் திராட்சை கூட இல்லாமல் இலவசமாகச் சுமக்கிறோம். கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது: இன்ன இடத்தில் கலவரமாம், இன்ன இனத்தார் இப்படிச் செய்யப் போகிறார்களாம். விசாரிக்காமல் நாற்பது பேருக்குத் தள்ளிவிடுகிறோம். பல இனத்தார் தோளோடு தோள் உரசி வாழும் நாட்டில் இது நெருப்போடு விளையாடுவது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நாயகத்தின் எச்சரிக்கை.

மார்க்கம் காட்டும் வழி

இனி, அதிகாரம் கையில் இருந்தபோது நம் முன்னோர்கள் எப்படி நடந்தார்கள் என்று பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு முன்னால் ஒரு மனிதர் வந்து பேச முடியாமல் நடுநடுங்கினார். அப்போது நாயகமவர்கள் அவரைத் தேற்றினார்கள். தாம் ஓர் அரசர் அல்லர் என்றும், உப்புக்கண்டம் தின்று வாழ்ந்த ஒரு குறைஷிப் பெண்ணின் மகன்தான் என்றும் எடுத்துச் சொன்னார்கள். தம்மைக் கண்டு ஒருவர் நடுங்குவதை வேறொரு தலைவராக இருந்தால் இலாபம் என்று எண்ணியிருப்பார். நாயகமவர்கள் அந்த இலாபத்தைக் கையால் தொடவில்லை.

ஒரு பிரயாணத்தில் தோழர் ஒருவர் தூங்கிவிட்டார். மற்றவர்கள் வேடிக்கைக்காக அவருடைய கயிற்றை எடுத்தார்கள். அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகாது என்று நாயகமவர்கள் தடுத்தார்கள். விளையாட்டுக்கே அனுமதியில்லை என்றால், காரியம் சாதிப்பதற்காக அச்சமூட்டுவதற்கு அனுமதி ஏது?

எல்லாவற்றுக்கும் மேலாக ஹஜ்ரத் உமறு (ரலி) அவர்களுடைய காலத்துச் சம்பவம் ஒன்று. கலீபா அவர்கள் ஒரு பெண்ணை விசாரணைக்கு அழைத்து வர ஆள் அனுப்பினார்கள். அவளோ கர்ப்பிணி. கலீபா அழைக்கிறார் என்றதும் பயந்துவிட்டாள். வழியிலேயே பிரசவ வேதனை கண்டு, குழந்தை பிறந்து இறந்துபோனது. கலீபா அவர்கள் ஸஹாபாக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். தாங்கள் ஒழுங்கு செய்யும் பொறுப்பில் உள்ளவர், தங்கள் மீது குற்றமில்லை என்றார்கள் சிலர். ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் மௌனமாக இருந்தார்கள். கேட்டபோது சொன்ன தீர்ப்பு என்னவென்றால்: தாங்கள்தான் அவளை அஞ்ச வைத்தீர்கள், ஆகவே அந்தக் குழந்தைக்கு நஷ்ட ஈடு தங்கள் மீது கடமை. உமறு (ரலி) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கலீபா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, கூப்பிட்டனுப்பியது மட்டுமே. அதற்கும் நஷ்ட ஈடு! அச்சம் ஒரு காற்று அல்ல, ஒரு பொருள். அதைப் பிறன் மேல் போட்டால் விழுந்த இடத்தில் ஏற்படும் சேதத்துக்குப் போட்டவனே பொறுப்பு. இதுதான் மார்க்கத்தின் கணக்கு.

"அச்சமே இல்லாவிட்டால் ஆட்சி எப்படி நடக்கும்? மார்க்கமும் நரகத்தைச் சொல்லி அச்சமூட்டவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அல்லாஹ்வின் அச்சத்துக்கும் மனிதன் ஊட்டும் அச்சத்துக்கும் வித்தியாசம் உண்டு. அல்லாஹ் எது ஹலால், எது ஹராம் என்று முன்கூட்டியே விளக்கிவிட்டான். எடை தெரிந்த கல் அது. தௌபாவின் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அச்சம் சொல்லுகிறவனையும் கட்டுகிறது. மிம்பரில் நிற்பவரும் அஞ்ச வேண்டும், கீழே இருப்பவரும் அஞ்ச வேண்டும். மனிதன் ஊட்டும் அச்சம் அப்படியல்ல. ஊட்டுகிறவன் மட்டும் வெளியே நிற்பான். ஒருவர் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தம் காரியத்துக்காக ஜனங்களை மிரட்டினால், அதுவும் முத்திரையில்லாத கல்தான்.

நம் கடையில் இருப்பது எந்தக் கல்?

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம் கல்லாவுக்குப் பக்கத்தில் வருவோம்.

மூஸா (அலை) அவர்கள் பிர்அவுனுடைய நாட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி மத்யனுக்கு வந்தார்கள். கையில் காசில்லை, தெரிந்தவர் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால், பெர்மிட் இல்லாமல் வந்த வெளிநாட்டு ஆள். கிணற்றடியில் இரண்டு பெண்களுக்கு உதவினார்கள். அவர்களுடைய தகப்பனார், ஷுஐபு (அலை) என்று பலர் கூறும் அந்தப் பெரியவர், அவர்களை அழைத்துக் கதையைக் கேட்டார். கேட்டபின் சொன்ன முதல் வார்த்தை, பயப்படாதே என்பது. அதன் பிறகுதான் வேலை பேசினார். எட்டு ஆண்டு ஒப்பந்தம், பத்தாக்கினால் உன் விருப்பம், உனக்குக் கஷ்டம் கொடுக்க நான் விரும்பவில்லை என்ற கருத்தில் பேசினார். இரண்டில் எந்தத் தவணையை முடித்தாலும் தம் மேல் வற்புறுத்தல் கூடாது என்று மூஸா (அலை) அவர்களும் நிபந்தனை சொன்னார்கள். அல்லாஹ்வைச் சாட்சி வைத்து ஒப்பந்தம் முடிந்தது. இதுவும் அதே ஸூரா கஸஸில்தான் இருக்கிறது.

ஒரே ஸூராவில் இரண்டு எஜமானர்கள். ஒருவன் அஞ்ச வைத்து ஆண்டான். மற்றவர் அச்சத்தை நீக்கிவிட்டு வேலை கொடுத்தார். நம் கடைகள் எந்த எஜமானைப் போல் நடக்கின்றன?

நம் சாப்பாட்டுக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். வங்காள தேசத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நல்ல முதலாளிகள் அநேகம் பேர் உண்டு. வேலையாளைச் சொந்தத் தம்பியாகப் பாவிக்கிறவர்களை நாம் அறிவோம். ஆனால் சில கடைகளில் என்ன நடக்கிறது? ஆள் வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். சம்பளத்தில் இரண்டு மாதத்தை நிறுத்தி வைக்கிறார்கள். எதிர்த்துக் கேட்டால், "இமிகிரேஷனுக்கு ஒரு போன் போட்டால் போதும்" என்கிறார்கள். ஊரில் தாய் இறந்த செய்தி வந்தாலும் அந்தப் பையன் முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன மூன்று வழியும் இதில் இருக்கிறதா இல்லையா? என்ன ஆகும் என்று தெரியாத மிரட்டல் இருக்கிறது. ஒருவன் சம்பளம் மற்றவனுக்குத் தெரியக்கூடாது என்ற பிரிவினை இருக்கிறது. முதலாளியிடம் கோள் சொல்லச் சலுகை பெற்ற ஒருவனும் இருக்கிறான். பூட்டிய அலமாரியில் இருப்பது ஒரு சிறு புத்தகம் அல்ல. ஒரு மனிதனுடைய கால்கள்.

முதலாளி தரப்பு நியாயத்தையும் கேட்போம். "லெவி கட்டினேன், ஏஜெண்டுக்குக் கொடுத்தேன், டிக்கெட் எடுத்தேன். அவன் ஆறு மாதத்தில் அடுத்த கடைக்கு ஓடிவிட்டால் என் பணத்துக்கு யார் பொறுப்பு?" உண்மைதான், அது நஷ்டம்தான். ஆனால் நஷ்டம் என்பது வியாபாரத்தில் உள்ளது. கடன் வாங்கியவன் ஓடிவிடுவான் என்று வாடிக்கைக்காரனைக் கட்டிப் போட்டு நாம் கடன் கொடுப்பதில்லை. எழுதி வாங்குகிறோம், ஆளை அறிந்து கொடுக்கிறோம், சிலது போனால் பொறுக்கிறோம். சரக்கு விஷயத்தில் இருக்கிற பொறுமை மனிதன் விஷயத்தில் ஏன் இல்லை?

சட்டமும் இதை ஏற்கவில்லை. பிறர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 90பி பிரிவு, மிரட்டியோ ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ வேலை வாங்குவதற்கு ஓர் இலட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் திருந்தினால் நாம் மறுபடியும் அச்சத்தின் பிடியில்தான் இருக்கிறோம். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. வேலையை முழுவதும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான் என்று ஹதீஸ் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவனுடைய துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரை இல்லை. அவன் எந்த ஊரான், எந்த மதத்தான் என்று அந்தத் துஆ கேட்கப்படுவதில்லை.

அபூ மஸ்ஊது (ரலி) என்னும் ஸஹாபி ஒருநாள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள்! இவன் மீது உமக்குள்ள சக்தியை விட உம் மீது அல்லாஹ்வுக்குள்ள சக்தி பெரிது என்று எச்சரித்தார்கள். சாட்டை கையிலிருந்து விழுந்தது. அந்த அடிமையை அப்போதே உரிமை விட்டார். நாம் சாட்டை எடுப்பதில்லை. ஆனால் நம்மில் சிலர் சாட்டையைப் பூட்டி வைத்துச் சாவியைக் கையில் வைத்திருக்கிறோம்.

இன்னொரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அஞ்சி வேலை செய்கிறவன் முதலாளியிடம் உண்மை சொல்ல மாட்டான். மாவில் வண்டு விழுந்ததைச் சொல்ல மாட்டான். கியாஸ் குழாய் கசிவதைச் சொல்ல மாட்டான். நல்ல செய்தியை மட்டும் கொண்டு வருவான். 

வீட்டிலும் இப்படியே. பூச்சாண்டி காட்டிச் சோறூட்டுவதில் ஆரம்பிக்கிறோம். பிள்ளை வளர்ந்தபின் நம்மிடம் ஏன் எதையும் சொல்வதில்லை என்று கவலைப்படுகிறோம். தலாக்குச் சொல்லிவிடுவேன் என்ற வார்த்தையை மனைவியின் தலைமேல் தொங்கவிட்டுக் குடும்பம் நடத்துவது ஆண்மையல்ல. ஜமாஅத்துக் காரியத்திலும், கணக்குக் கேட்டவரை ஒதுக்கி வைப்போம் என்று பேசுவது நிர்வாகமாகாது. கேள்விக்குக் கணக்கைக் காட்டுவதே பதில்.

செய்ய வேண்டியவை

சகோதரர்களே! பேசிக் கலைவதற்காக இதை எழுதவில்லை. காரியமாகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அலமாரியில் பிறர் பாஸ்போர்ட் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். பத்திரத்துக்காக என்றால், ஆளுக்கு ஒரு சிறு பெட்டி வாங்கிக் கொடுத்து அவரவர் சாவியை அவரவரிடம் கொடுங்கள். வேலை நேரம், சம்பளம், பிடித்தம், லீவு எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற பாஷையில் எழுதிக் கொடுங்கள். அதுதான் முத்திரை போட்ட படிக்கல். தவறு செய்தால் என்ன தண்டனை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாத தண்டனையைக் கொடுக்காதீர்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். அச்சமூட்டும் செய்தி கைக்கு வந்தால் உங்களிடமே அதை நிறுத்திவிடுங்கள்.

அஞ்சுகிற நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியாக இருந்தால்தான் அச்சம் பெரிதாகத் தெரியும். ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். ஜமாஅத்தில் நம்பத் தக்க பெரியவரிடம் சொல்லுங்கள். வேலை இலாகாவில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஜமாஅத்தின் பெரியவர்களே! அப்படி ஒரு பையன் உங்களிடம் வந்தால், மத்யன் பெரியவர் சொன்ன அந்த முதல் வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். முதலாளி நம் சொந்தக்காரராயிற்றே என்று முகம் பார்க்காதீர்கள்.

யா அல்லாஹ்! உன்னைத் தவிர வேறு எவருக்கும் அஞ்சாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்களைக் கண்டு எளியவர்கள் அஞ்சும்படியான நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் தராசையும், எங்கள் வார்த்தையையும், எங்கள் கூலியையும் நேராக்குவாயாக! எங்கள் கடைகளுக்கு வந்து சேரும் பரதேசிகளுக்கு எங்களை அபயமாக்குவாயாக! இந்த நாட்டில் வாழும் எல்லா ஜனங்களும் ஒருவரையொருவர் நம்பி வாழ அருள் புரிவாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.